கொடுவாவும் தூண்டிற்கோலும்

கிழக்கிலங்கையில், வடக்கே கல்முனை தொட்டுத் தெற்கே பொத்துவில் வரையும் கரையோரமாக அமைந்த ஊர்களுக்கு இரு முகங்கள் உண்டு. ஒரு முகம் வயலை நோக்கியது. மற்றது கடலை நோக்கியது. சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய ஊர்களில் வேளாண்மை செய்வோரும் கடற்றொழில் புரிவோரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். வயலுக்கும் கடலுக்கும் நடுவே களப்புகள் கிடக்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அக்களப்புகளிலே வளர்ந்து, முகத்துவாரத்தின் வழியே கடலுக்குச் செல்லும் மீன்களுள் தலையாயது கொடுவா.

இம்மீனைப் பிடிக்கக் கரைவலை உண்டு, வீச்சுவலை உண்டு, கைத்தூண்டிலும் உண்டு. பிற்காலத்தே வந்து சேர்ந்தது, கோலும் றீலும் கூடிய தூண்டில். நூலைச் சுற்றி வைத்து, வேண்டியபோது விட்டு, வேண்டியபோது இழுக்கும் உருளைப் பொறியையே றீல் என்று வழங்குகின்றனர். முகத்துவாரத்து மணல் மேட்டில் நிற்கும் இளைஞன் ஒருவனின் கையிலிருக்கும் அக்கருவி ஒரு நாட்டில், ஒரு காலத்தில் பிறந்ததன்று. சீனத்து ஓவியன் கண்டதும், வங்காளத்து மூங்கிலும், அமெரிக்கக் கடிகாரத் தொழிலாளியின் பற்சக்கரமும், இங்கிலாந்து நெசவாலையின் நூற்கண்டும் அதில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. அவை கூடிய வரலாறு, மனிதன் மீனை இழுக்கக் கற்றுக்கொண்ட வரலாறு என்பதைவிட, நூலை விட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்ட வரலாறு என்பதே பொருந்தும்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆங்கிலத்தில் 'பாஸ்' என்னும் பெயர் ஒரே மீனைக் குறிப்பதன்று. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். ஐரோப்பியர் அழைப்பது தம் கடலோரத்து மீன் ஒன்றை. இவற்றோடு நெருங்கிய உறவில்லாத கொடுவாவையும் 'ஆசியக் கடற்பாஸ்' என்று நூல்களில் எழுதுகின்றனர். வங்காளத்தில் இதற்குப் பேக்டி என்று பெயர், அவுஸ்திரேலியாவில் பரமுண்டி. பாரசீக வளைகுடா முதல் அவுஸ்திரேலியாவின் வடகரை வரையும் இம்மீன் பரந்து வாழ்கின்றது. ஆகவே, உலகில் 'பாஸ்' மீனுக்கென உருவான கோலும் றீலும் இக்கரைக்கு வந்தபோது, அவை எதிர்கொண்ட மீன் வேறு, நீரும் வேறு.

கொடுவாவின் வாழ்க்கை வியப்புக்குரியது. கடல் நீரின் உவர்ப்பு மிகுந்த கழிமுகப் பகுதிகளிலே அது முட்டையிடுகின்றது. குஞ்சுகள் களப்புக்குள்ளும், வழி கிடைத்தால் ஆற்றின் மேற்பகுதிக்கும் ஏறிச் சென்று வளர்கின்றன. மூன்று நான்கு வயதில் முதிரும்போது அவை பெரும்பாலும் ஆண் மீன்கள். பின்னர்ச் சில ஆண்டுகள் கழிந்ததும் அதே மீன்கள் பெண்ணாக மாறுகின்றன. எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய யாவும் பெண்களே. ஒரு பெரிய பெண் மீன் பல இலட்சம் முட்டைகளை இடவல்லது. இந்த உண்மையை நினைவில் இருத்திக்கொள்வது நன்று. கருவியின் வரலாறு இறுதியில் இவ்வுண்மையின் முன்னேதான் வந்து நிற்கின்றது.

தமிழர்க்குத் தூண்டில் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மீன் பிடிக்கும் பாண்மகன் ஒருவனின் தூண்டில் நுட்பமாகக் காட்டப்படுகின்றது. நீண்ட மூங்கிற் கழையின் நுனியில் நூல் கட்டப்பட்டிருக்கின்றது. நூலின் முடிவில் வளைந்த வாயையுடைய இரும்பு. அவ்விரும்பை மறைத்திருக்கும் இரை. வாளை மீன் ஒன்று அவ்விரையைக் கவ்விப் பறித்துக்கொண்டு தப்பிவிடுகின்றது. தப்பிய மீன், நீர்க்கரையில் நின்ற பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும், அதுவும் தூண்டிற்கோலோ என அஞ்சுகின்றதாம். கோல், நூல், முள், இரை என்னும் நான்கு உறுப்புகளும் அங்கே உள்ளன. திருவள்ளுவரும் சூதில் வந்த வெற்றியை, தூண்டிலின் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார். கேட்போர் தூண்டிலை நன்கு அறிந்தவராக இருந்தமையாலேயே அவ்வுவமை சுருங்கிய சொற்களில் நின்று பொருள் தந்தது.

பழைய தூண்டிலில் இல்லாதது ஒன்றே. நூல் கோலின் நுனியிலே இறுகக் கட்டப்பட்டிருந்தது. நூலின் நீளமே தூண்டிலின் எல்லை. சிறு மீன் அகப்பட்டால் தூக்கி எறியலாம். பெருமீன் அகப்பட்டு ஓடத் தொடங்கினால், கொடுப்பதற்கு மேலும் நூல் இல்லை. அப்போது கோல் முறியும். அல்லது நூல் அறும். அல்லது முள் நிமிரும்.

இக்குறையைக் கடற்கரை மக்கள் கோலைக் கைவிட்டே தீர்த்தனர். கைத்தூண்டிலில் கோல் இல்லை. நீண்ட நூலைக் கட்டையிலோ போத்தலிலோ சுற்றி வைத்துக்கொண்டு, தோணியில் இருந்தவாறே நூலைக் கையால் விடுவர். மீன் ஓடினால் விரல்களுக்கிடையே நூலை வழுக விடுவர். மீன் களைத்தால் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பர். எவ்வளவு இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பதை விரலின் தோலே அறியும். அவ்வறிவுக்கு விலையாக விரல்களில் வெட்டுக் காயங்களும் தழும்பும் இருந்தன. அந்நாளில் நூல் பருத்தியாலோ சணலாலோ முறுக்கப்பட்டது. உவர் நீரில் அது விரைந்து இற்றுப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவிடும் வழக்கம் இலங்கைக் கரையோரமெங்கும் இருந்தது. றீல் என்னும் பொறி பிற்காலத்திற் செய்த வேலை யாவும், இங்கே மனிதனின் பெருவிரலும் சுட்டுவிரலும் செய்து வந்த வேலைதான்.

அவ்வேலையை உருளை ஒன்றிடம் ஒப்படைக்கும் எண்ணம் முதலிற் சீனத்திலே காணப்படுகின்றது. மா யுவான் என்னும் ஓவியர் ஏறத்தாழ 1195 ஆம் ஆண்டளவில் வரைந்த ஓவியமொன்றில், பரந்த நீர்ப்பரப்பில் சிறு படகொன்று மட்டும் மிதக்கின்றது. அதில் அமர்ந்திருப்பவரின் தூண்டிற்கோலில் நூல் சுற்றிய சக்கரம் தெளிவாகத் தெரிகின்றது. இன்று கிடைக்கும் றீலின் சித்திரங்களுள் மிகப் பழையது அதுவே என்று கருதுகின்றனர்.

இங்கிலாந்தில் இக்கருவியைப் பற்றிய குறிப்பு, 1651 இல் தோமஸ் பார்க்கர் வெளியிட்ட சிறு நூலொன்றில் வருகின்றது. ஈராண்டுகளின் பின் ஐசாக் வோல்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலிலும் கோலின் அடியில் பொருத்தும் சக்கரம் பேசப்படுகின்றது. ஆயினும் அக்கால றீல் வெறும் நூற்பெட்டி போன்றதே. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளையும் ஒருமுறை சுற்றும். மீன் ஓடும்போது உருளை தன் போக்கிற் சுழலும். அதனைக் கட்டுப்படுத்த விரலையே நம்ப வேண்டும்.

கோலின் கதையோ வேறு வழியிற் சென்றது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் நெடுங்காலம் கனத்த மரங்களால் கோல் செய்தனர். தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்த கிறீன்ஹார்ட் என்னும் மரமும் அவற்றுள் ஒன்று. பின்னர் வங்காளத்திலிருந்து கப்பலேறிய மூங்கில் அவர்கள் கையிற் கிடைத்தது. 'கல்கத்தாப் பிரம்பு' என்பதே அங்கு அதற்கு வழங்கிய பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்னும் ஊரில் துப்பாக்கி செய்யும் தொழிலாளியான சாமுவேல் பிலிப்பி என்பவர், 1840களில் மூங்கிலை நெடுகப் பிளந்து, வலிமை மிகுந்த வெளிப்பட்டையை மட்டும் பட்டை பட்டையாகச் சீவி, ஒன்றாக ஒட்டிக் கோல் செய்யும் முறையில் முன்னோடியாக விளங்கினார். கனம் குறைந்தது, நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக வளையும் தன்மையும் கிட்டியது. பெரும்பாணாற்றுப்படை கண்ட மூங்கிற் கழைதான். ஆனால் வளைவது அதன் குற்றமாகாமல் குணமாக ஆக்கப்பட்டது. வளையும் கோல் மீனின் உதறலைத் தான் ஏற்றுக்கொண்டு நூலைக் காக்கின்றது.

அதே நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்னும் சிற்றூரில் ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, பற்சக்கரங்களை அமைத்துப் புதுவகை றீல் ஒன்றைச் செய்தார். கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றியது. அவ்வட்டாரத்து ஆறுகளில் வாழ்ந்த 'பாஸ்' மீனுக்காகவே அது பிறந்தது. இரையைத் தொலைவில் எறிய எளிதாகச் சுழலும் உருளையும், எறிந்த இரையை விரைந்து மீட்கப் பற்சக்கரமும் அம்மீனுக்கு வேண்டியிருந்தன. மீக் சகோதரர்கள் போன்ற கடிகாரத் தொழிலாளர் பலர் அவ்வழியிற் சென்று, நகையைப் போல் நுண்ணிய றீல்களைச் செய்தனர். ஜேம்ஸ் ஹென்ஷல் என்னும் மருத்துவர் 1881 இல் அம்மீனைப் பற்றியே தனி நூலொன்று எழுதி, அக்காலத்து நீண்ட கோல்களுக்கு மாறாக எட்டேகால் அடிக் கோலைப் பரிந்துரைத்தார். குறிப்பிட்ட மீனுக்குக் குறிப்பிட்ட கோலும் அதற்கு இசைந்த றீலும் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது இவ்வாறுதான்.

எனினும் விரலின் வேலை முற்றும் பொறியிடம் சேரவில்லை. ஓடும் மீனை விரலால் தடுத்தவர் சூடுபட்டனர். சுழலும் கைப்பிடி மோதி விரல் முறிந்தவரும் உண்டு. பெருங்கடல் மீன்களைத் துரத்தியவர்களே இதற்கு வழி கண்டனர். தோலும் உலோகமுமான வட்டத் தகடுகளை உருளைக்குள் அடுக்கி, ஒரு திருகினால் அவற்றை வேண்டிய அளவு இறுக்கி வைத்தால், குறித்த விசைக்கு மேல் மீன் இழுக்கும்போது மட்டும் உருளை வழுகி நூலைக் கொடுக்கும். கைப்பிடியோ அசையாது நிற்கும். இத்தகைய தடைப்பொறி அமைந்த றீலைக் கொண்டு வில்லியம் பொஷன் என்பவர் 1913 இல் கலிபோர்னியாவின் கத்தலினாத் தீவருகே பெரிய வாள்மீனொன்றைப் பிடித்தார். கைத்தூண்டிற்காரனின் விரல் அறிந்திருந்த இரகசியம், அன்று திருகாணி ஒன்றினுள் அடங்கியது.

இன்னொரு தொல்லை எஞ்சியிருந்தது. உருளை சுழன்றே நூல் வெளியேறுவதால், எறியப்பட்ட இரை நீரில் விழுந்து வேகம் குறைந்த பின்னரும் உருளை தொடர்ந்து சுழலும். நூல் குவிந்து சிக்காகும். கனமற்ற இரையை எறிவதோ அரிது. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரத்து நெசவாலை உரிமையாளரான அல்பிரட் இலிங்வேர்த் இதனைத் தீர்த்தார். நெசவில் நூற்கண்டு அசையாதிருக்க, நூல் மட்டும் அதன் நுனி வழியே கழன்று வருவதை அவர் நாள்தோறும் கண்டவர். அதே முறையில் உருளையை நிலையாக நிறுத்தி, நூலை அதன் விளிம்பின் மேலாகக் கழன்றோடச் செய்யும் றீலுக்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். கல்முனைக்கு அயலிலுள்ள மருதமுனையின் கைத்தறிகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாடாவினுள் இருக்கும் தாரிலிருந்து நூல் எவ்வளவு இலகுவாகக் கழல்கின்றதோ, அவ்வளவு இலகுவாக இந்த றீலிலிருந்தும் கழல்கின்றது. இன்று உலகெங்கும் புதிதாகத் தூண்டில் பழகுவோர் கையில் பெரும்பாலும் இருப்பது இவ்வகையே.

இக்கருவிகள் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் ஆட்சியாளரின் பொழுதுபோக்காகவே வந்தன. சென்னை மாகாண ஆட்சிச் சேவையிலிருந்த ஹென்றி சலிவன் தோமஸ், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873 இல் வெளியிட்ட நூல் ஆங்கிலேயர் பலர்க்கு வழிகாட்டியாயிற்று. மலையாறுகளின் மாசீர் மீனே அவர்கள் பெரிதும் விரும்பியது. 1946 இல் மைசூர்ப் பகுதியின் கபினி ஆற்றில் 120 இறாத்தல் எடையுள்ள மாசீர் ஒன்று கோலினாற் பிடிபட்டது. இலங்கையிலோ அவர்கள் நாட்டு மீனை விட்டு, தம் தாய்நாட்டு மீனையே தேடினர். 1880களில் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் வளர்த்தனர். கடலோரத்துக் கொடுவா அவர்களின் கவனத்தைச் சிறிதளவே பெற்றது. அதனால் மலைநாட்டில் கோல் விளையாட்டாயிருந்த காலத்தில், அக்கரைப்பற்றுக் கரையில் தூண்டில் உணவாகவும் தொழிலாகவும் இருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமலே நெடுங்காலம் இருந்தன.

அவற்றைச் சந்திக்க வைத்தது நைலோன். அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் 1938 இல் நைலோனை உலகுக்கு அறிவித்தது. அதிலிருந்து இழுக்கப்பட்ட ஒற்றையிழை நூல், நீரிற் கண்ணுக்குத் தெரியாதது; இற்றுப்போகாதது; பனிச்சஞ் சாறு வேண்டாதது. இக்கரையில் அதற்குத் தங்கூசி என்று பெயர். மலாய் மொழியில் தூண்டில் நூலைக் குறிக்கும் 'தங்சி' என்னும் சொல்லோடு இப்பெயர் ஒத்திருப்பது, கடல்வழித் தொடர்புகளை நினைவூட்டுவது. கைத்தூண்டிற்காரனும் கோற்காரனும் இப்போது ஒரே நூலைக் கொண்டே தொழில் செய்தனர். கோலும் மலிந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மூங்கிலின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்தது. 1970களில் கரியிழை வந்தது. செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த கருவி, தொழிலாளியும் வாங்கக்கூடியதாயிற்று. நூலின் முனையிலுள்ள முள்ளும் உலகப் பொருளாகிவிட்டது. 1832 இல் தொடங்கிய நோர்வே நாட்டு மஸ்டாட் நிறுவனம், 1877 முதல் இயந்திரத்தாற் செய்த முட்களை உலகத் துறைமுகங்கள் எங்கும் அனுப்பி வந்தது.

இனி, கொடுவாவுக்கு ஏற்ற கோலும் றீலும் எவை என்பதைப் பார்க்கலாம். இங்கே முதல் விதி சமநிலை. கோல், றீல், நூல், இரை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் வேண்டும். கனத்த கோலில் மெல்லிய நூலைக் கோத்தால் கோல் வளையுமுன் நூல் அறும். மெல்லிய கோலில் கனத்த நூலைக் கோத்தால் நூல் அறுமுன் கோல் முறியும். களப்பிலும் முகத்துவாரத்திலும் பொதுவாக ஆறரை முதல் ஏழரை அடி வரையுள்ள கோல் போதுமானது. கடலலையின் மேலாக எறிய வேண்டிய கரையில் அதனினும் நீண்ட கோல் உதவும். கண்டல் மரங்களின் நெருக்கத்தில் குட்டையானதே வசதி. நுனி சற்று நெகிழ்ந்திருந்தால் சிறிய இரையையும் எறியலாம். அடி உறுதியாயிருந்தால் வேர்களுக்குள் பாயும் மீனைத் திருப்பலாம்.

றீலில் இருவகை உண்டென மேலே கண்டோம். நிலையுருளை றீல் பழகுவதற்கு எளிது. காற்றை எதிர்த்தும், கனமற்ற இரையையும் எறிய ஏற்றது. சுழலுருளை றீல் பழகக் கடினம். பெருவிரலால் உருளையை அடக்கத் தெரியாதவனுக்கு அது நூற்சிக்கே தரும். ஆனால் பழகியவன் கையில், இரை எந்த வேரின் அருகே விழவேண்டுமோ அங்கேயே விழும். நூல் 20 முதல் 30 இறாத்தல் வரை தாங்குவதாயிருப்பது நன்று. கொடுவாவின் செவுளோரம் கத்தி போன்று கூரியது. வாய் அரம் போன்று சொரசொரப்பானது. ஆதலால் முள்ளை அடுத்துச் சில அடி நீளத்திற்கு இருமடங்கு தடித்த நூலை முடிந்துகொள்ள வேண்டும். இரையாக உயிருள்ள இறாலும் சிறு மணலை மீனும் சிறந்தவை. அவற்றைப் போன்று செய்யப்பட்ட போலி இரைகளும் உள்ளன.

பயன்படுத்தும் முறையில் தலையாயது தடைப்பொறியைச் சரியாக இறுக்குதல். நூல் அறும் விசையில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் இறுக்கலாகாது என்பது பழகியோர் கொள்ளும் பொதுக் கணக்கு. நூல் 30 இறாத்தல் தாங்குமாயின், பத்து இறாத்தல் இழுப்புக்கே உருளை வழுகத் தொடங்கவேண்டும். புதியவன் இதனை நம்பமாட்டான். மீன் ஓடுவதைக் கண்டதும் திருகாணியை மேலும் இறுக்குவான். அடுத்த கணம் நூல் அறும். கொடுவா நீரை விட்டு மேலெழுந்து தலையை உதறும் இயல்புடையது. அவ்வேளையில் கோலைத் தாழ்த்தி, நூலைச் சற்றுத் தளர்த்துவோனுக்கே மீன் எஞ்சுகின்றது. உருளை வழுகி நூல் போய்க்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவதும் வீண். நூலில் முறுக்கு ஏறுவதே அதனால் வரும் பயன். தொழில் முடிந்ததும் கோலையும் றீலையும் நன்னீரிற் கழுவித் துடைத்து, தடைப்பொறியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே வைத்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். உவர் நீரின் உப்போ எந்தப் பற்சக்கரத்தையும் அரித்துவிடும்.

கருவி இவ்வளவு திருந்திய காலத்திலேயே மீனுக்கு நெருக்கடி வந்தது. தூண்டிற்காரனுக்கு உதவிய தங்கூசி, வலையாகவும் பின்னப்பட்டது. நீரிற் கண்ணுக்குப் புலப்படாத அவ்வலை, சிறிதென்றும் பெரிதென்றும் பாராமல் எல்லாவற்றையும் கொள்கின்றது. அறுந்து கடலடியிற் கிடந்தாலும் அழியாமல் மீனைக் கொன்றுகொண்டிருக்கின்றது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடி, நீரியல் வளச் சட்டத்தின் வழியே இலங்கையில் தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. ஆயினும் தடை ஏட்டில் இருப்பதும், களப்பில் இருப்பதும் ஒன்றல்ல என்பதைக் கரையோர மக்கள் அறிவர்.

ஆற்றிலும் மாற்றம் நேர்ந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் அணைகட்டப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. வயல்களுக்கு நீர் கிடைத்தது. அதன் பயனை மறுப்பாரில்லை. ஆனால் அணை என்பது நீரைத் தேக்குவதோடு, மீன் மேலேறும் வழியையும் மறிக்கும் பொருள். முகத்துவாரமும் அவ்வாறே இரு தேவைகளின் நடுவே நிற்கின்றது. மாரியில் வயல்கள் மூழ்கும்போது மணற்றடையை விரைந்து வெட்டிவிட வேண்டும் என்பர் வேளாண்மை செய்வோர். களப்பு நீர் முழுவதும் வடிந்தால் மீன்குஞ்சுக்கு இடமில்லை என்பர் களப்பிலே தொழில் செய்வோர். இரு சாராரும் கூறுவது உண்மை. கொடுவாவுக்கோ அவ்வாய் உரிய பருவத்தில் திறந்திருந்தாலன்றி வம்சம் இல்லை.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தவர் இதனை வேறொரு வகையிற் கற்றனர். அங்கு நீர்த்தேக்கங்களில் கொடுவாக் குஞ்சுகளை விட்டு வளர்க்கின்றனர். அத்தகைய மொண்டுரான் ஏரியில் 2010 இல் கோலினாற் பிடிபட்ட ஒரு கொடுவாவின் எடை 44.64 கிலோகிராம். ஆனால் கடலுக்குச் செல்ல வழியற்ற ஏரியில் எவ்வளவு பெருத்தாலும் அம்மீன் இனம் பெருக்காது. கடலோடு தொடர்புள்ள நீரிலோ 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மீனையும், 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மீனையும் வைத்திருக்கலாகாது என்று அங்கு விதித்தனர். சிறியதை விடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். பெரியதையும் விடச் சொன்னமைக்குக் காரணம், பெரியவை யாவும் முட்டையிடும் தாய் மீன்கள் என்பதே. இவ்விதியைக் கடைப்பிடிக்கக் கோலால் முடியும். அது ஒரு மீனை உயிரோடு கைக்குக் கொண்டு வருகின்றது. அளந்து பார்த்து, வேண்டுமாயின் திரும்பவும் நீரில் விட இடம் தருகின்றது. முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கிவிட்டால் மீன் பெரிதும் காயப்படுவதுமில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் மறக்கலாகாது. பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோன் ஒரு மீனை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு செல்லலாம். அவன் அடுப்பு அதனால் அணைவதில்லை. கடற்றொழிலே வாழ்வாகக் கொண்டவனுக்கு அப்படியன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த கடற்கோள், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தோணிகளும் வலைகளும் வாடிகளும் ஒரு காலைப் பொழுதில் இல்லாமற் போயின. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கடலுக்குச் செல்வதற்கே கட்டுப்பாடுகள் இருந்தன. இவ்வளவையும் தாங்கி எழுந்த மக்களிடம், வலையை வைத்துவிட்டுக் கோலை எடுங்கள் என்று கூறுவது எளிது, நியாயமோ ஆகாது. அவர்களுக்கு வாழ வழியும், மீனுக்குப் பெருக வழியும் ஒருங்கே அமைவதே செய்யத்தக்கது. இனப்பெருக்கக் காலத்தில் முகத்துவாரத்தை மறித்து வலை கட்டாமை, தங்கூசி வலையை நீக்கி உரிய கண்ணளவுள்ள வலையைப் பயன்படுத்துதல், தாய் மீனை விடுதல் ஆகியவை அவ்வழியின் முதற்படிகள். கிழக்குக் கரைக்குத் தூண்டில் விளையாட்டுக்காகப் பயணிகள் வரும் இக்காலத்தில், அவர்களைத் தோணியில் ஏற்றிச் செல்வதும் இடம் காட்டுவதும் உயிருள்ள கொடுவாவுக்கே ஒரு விலையை ஏற்படுத்தக் கூடும்.

கருவியின் வரலாறு இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. நூலை இறுகக் கட்டிய பழங்காலக் கழை, பெருமீனிடம் தோற்றது. நூலைக் கொடுக்கக் கற்ற விரல் வென்றது. அவ்விரலின் அறிவைக் கடிகாரத் தொழிலாளியும் நெசவாலை உரிமையாளரும் பொறியாக்கினர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்முயற்சிகள் அனைத்தும் சேர்ந்து கண்டது ஒன்றே: முழு வலிமையையும் கொண்டு இறுக்குபவன் மீனையும் இழப்பான், நூலையும் இழப்பான். களப்பைக் கையாளும் கைகளுக்கும் அக்கணக்கே பொருந்தும். முகத்துவாரத்தின் வழியே இவ்வாண்டு கடலுக்குப் போகவிட்ட தாய்க் கொடுவாவின் குஞ்சுகளே, சில ஆண்டுகள் கழிந்தபின் அக்கரைப்பற்றின் களப்பில் ஒரு சிறுவனின் தூண்டிலை வளைக்கும்.